செய்யாத வேலைக்குத் தேதி

முன்னறையின் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தபோது ஸ்டோரம்மா அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய சத்தம் ஒன்றுமில்லை. தூக்கிவந்த மூட்டையை யாரோ அலுத்துப்போய்க் கீழே போட்டதுபோல் ஒரு 'தொப்'. அதன் பின்னால் பொடித் துண்டுகள் உதிரும் சரசரப்பு. கத்தியும் கையுமாக ஓடிவந்து பார்த்தாள். லிஃப்ட்காரரின் நாற்காலி மேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பாளம் உட்கார்ந்திருந்தது. மேலே கூரையில் அதே அளவுக்கு ஒரு சொட்டை. சொட்டையின் நடுவே இரும்புக் கம்பி பழுப்பாகத் தெரிந்தது.

'நல்லவேளை, நாற்காலியில் ஆள் இல்லை' என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில் தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆள் இல்லாமல் போனதில்தானே எல்லாம் வந்து நிற்கிறது.

கோடையின் உச்சத்தில் இறந்துபோனவர் அவர், அவள் கணவர். லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். ஊரில் உயரமான கட்டடம் எதைக் காட்டினாலும் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவளுக்கு ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரில் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லாருக்கும் அவள் ஸ்டோரம்மாதான். மாத்திரை வாங்கியவர்கள் அட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். கண்ணாடியை மூக்கில் இறக்கிக் காலாவதித் தேதியைப் பார்த்துத் தருவாள்.

புழுதி அடங்குவதற்குள் நாத்தனார் வந்துவிட்டாள். அடுத்த தெருதான். லிஃப்ட்காரருக்கு மூத்தவள். தம்பி போன பிறகு ஒரு நாளைக்கு இரண்டு நடை வராமல் அவளுக்கு இருப்புக் கொள்வதில்லை. வந்தால் திட்டாமல் போவதுமில்லை.

"பாத்தியா, வீடே வாயத் தொறந்து சொல்லிடுச்சு. நான் சொன்னா நாத்தனார் கொடும. இப்ப கூரையே சொல்லுது."

"கூரை ஒண்ணும் சொல்லல அண்ணி. காரைதான் விழுந்துருக்கு."

"இன்னிக்குக் காரை. நாளைக்கு?" நாத்தனார் நாற்காலியைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவன் இருந்தா இதுல உக்காந்திருப்பான்."

"அவர் இருந்தா இது விழுந்துருக்காது."

"அதத்தான நானும் சொல்றேன்! அவன் இல்ல. உன்னால முடியாது. அந்தக் கட்டடக்காரர் இன்னும் வீட்ட வெலைக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு, இடிச்சு வேற கட்ட. பையன் வீட்ல ஒரு ரூம் சும்மா கெடக்கு. போய் நிம்மதியா இரேன்."

"சும்மா கெடக்கல அண்ணி. மழைக்காலத்துல அங்கதான் துணி காயப் போடுறாங்க. என்னையும் சேத்துக் காயப் போடுவாங்க."

"உனக்கு வாய் மட்டும் காரை விழாம இருக்கு" என்று சொல்லிவிட்டு, நாத்தனார் தானே துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். திட்டிக்கொண்டே வேலை செய்வது அவர்கள் குடும்ப வழக்கம். தம்பியும் அப்படித்தான்.

கொத்தனார் மத்தியானம் வந்தார். ஒடிசலான மனிதர், காதில் பென்சில். நேரே மொட்டைமாடிக்குப் போய்விட்டுத்தான் கீழே இறங்கினார். ஒரு கம்பை எடுத்துக் கூரையை ஓரமாகத் தட்டிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதுகைத் தட்டிப் பார்ப்பது ஸ்டோரம்மாவுக்கு நினைவு வந்தது.

"இந்த ஓரம் மட்டும்தாம்மா வெத்து சத்தம். மத்த இடமெல்லாம் கெட்டி. கம்பி லேசா துருப் புடிச்சிருக்கு, தேச்சு எடுத்துட்டுப் பூசிடலாம்."

"இடிக்கணும்னு ஒருத்தர் சொல்றாராமே" என்றாள் நாத்தனார்.

"இடிச்சு வேற கட்டுறவங்க இடிக்கணும்னுதான் சொல்வாங்க. நான் பூசுறவன். பூசலாம்னுதான் சொல்வேன்." அவர் சிரிக்கவில்லை. "ஆனா கீழ பூசி என்ன பிரயோசனம்? மேல குளம் கட்டி வெச்சிருக்கீங்க. மீன் வளக்கலாம்."

"குளமா?" என்றாள் ஸ்டோரம்மா.

"தண்ணி போற குழாய் வாய்ல இலை அடைச்சு, மக்கி, செடியே முளைச்சு நிக்குது. அதுல கை வெச்சு எத்தன மாசம் ஆச்சு?"

ஸ்டோரம்மா 'அது சொல்லவே இல்லையே' என்று முணுமுணுத்தாள்.

"யாரு சொல்லணும்?" என்றார் கொத்தனார்.

சொல்வதற்கு ஒன்று இருந்தது அந்த வீட்டில். லிஃப்ட்காரர் செய்துவைத்தது.

கம்பெனியில் எல்லாருக்கும் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தபோது மற்றவர்கள் சீட்டு விளையாடப் பழகிக்கொண்டார்கள். இவர் கட்டம் போட்ட ஷீட்டைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பழைய லேப்டாப் ஒன்றில் வீட்டையே வரிவரியாக அதில் இறக்கினார். தண்ணீர்த் தொட்டி, மோட்டார், கேஸ் ட்யூப், ஃபேன், சன்னல் கீல், மாடிக் குழாய் வாய். ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையா வருஷத்துக்கு ஒருமுறையா, கடைசியாகச் செய்த தேதி எது, செய்தது யார். கெடு தாண்டினால் வரி சிவப்பாகும். வேலையை முடித்துத் தேதி போட்டால் பச்சையாகும். சிவப்பு வரி இருந்தால் காலையில் அதுவாகவே மூன்று பேருக்கும் மெயில் போகும்: அவருக்கு, அவளுக்கு, மகனுக்கு. மகன் வேறு ஊரில் ஒரு கணக்கு ஆபீசில் இருந்தான். "அவனுக்கு எதுக்குங்க?" என்று கேட்டாள். "வீடு எங்க இருக்குன்னு மறந்துடாம இருக்கட்டும்" என்றார்.

மெயிலில் வெறும் வேலையின் பெயர் மட்டும் போகாது. வரிக்கு வரி ஒரு குத்தல் வைத்திருந்தார். தண்ணீர்த் தொட்டிக்கு: 'கழுவலைன்னா குடிக்கப்போறது நீதான்.' ஃபேனுக்கு: 'மேல பாரு. அது உன் தலைக்கு மேலதான் சுத்துது.' மோட்டாருக்கு: 'நான் முனகினா கேக்க மாட்டே. அது முனகுதான்னாவது கேளு.' மாடிக் குழாய்க்கு: 'மழை உன்னைக் கேட்டுட்டு வராது.'

அதில் ஒரே ஒரு சட்டம். வேலை செய்யாமல் தேதி போடக் கூடாது. கை கழுவுவதற்கு முன்னால் வந்து தேதி அடிப்பார். அதனால் லேப்டாப்பில் எண் பொத்தான்கள் மட்டும் கிரீஸ் ஏறிக் கறுத்துக் கிடந்தன. அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவரோடு வேலை பார்த்த ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்தபடியே ஒரு லிஃப்ட்டின் சர்வீஸ் அட்டையில் கையெழுத்துப் போட்டான். அந்த லிஃப்ட் இறங்கின வேகத்தில் துடைத்துப் பெருக்கும் பெண்ணொருத்திக்குக் கால் போயிற்று. அதற்குப் பிறகு அவனோடு ஒரு டீ குடித்ததில்லை அவர். மகனைத் தூங்க வைக்க மற்ற வீடுகளில் ராஜா கதை சொல்வார்கள். இங்கே இந்தக் கதைதான். ஸ்டோரம்மாவுக்கும் அது புதிதல்ல. காலாவதியான மருந்தின் மேல் புதுத் தேதி ஒட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் போன பிறகும் மெயில் வந்துகொண்டிருந்தது. அனுப்புவது லிஃப்ட்காரர் என்றுதான் மெயிலின் தலையில் இருக்கும். அவள் தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள். முடிந்த வேலையைச் செய்தாள். முடியாததை நாளைக்கு என்று விட்டாள். பிறகு ஒருநாள் மெயில் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. எதுவும் பாக்கியில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். அப்புறம் வேறு மாதிரி நினைத்தாள். அந்த நினைப்போடு லேப்டாப்பை மூடித் துணி போட்டு மூடிவைத்தவள்தான், திறக்கவில்லை.

கொத்தனார் போனதும் துணியை எடுத்தாள்.

ஷீட் திறந்தது. அவள் நாளைக்கு என்று விட்ட வரிகளாவது சிவந்து கிடந்திருக்க வேண்டும். ஆனால் மேலிருந்து கீழ்வரை பச்சைப்பசேல் என்று இருந்தது. நெல் வயல்கூட அவ்வளவு பச்சையாக இருக்காது. தேதிக் கட்டத்தைப் பார்த்தாள். தொட்டிக்கு ஒரு தேதி. ஃபேனுக்கு அதே தேதி. கீலுக்கு, ட்யூபுக்கு, மாடிக் குழாய்க்கு, எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. 'யார்' என்ற கட்டம் மட்டும் காலி.

அந்த நாள் அவளுக்கு மறக்காது. அவருடைய அடையாள அட்டையையும் கருவிப்பெட்டிச் சாவியையும் ஒப்படைக்கக் கம்பெனிக்குப் போயிருந்தாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். வீடு பூட்டிக் கிடந்த நாள் அது.

வெளியூரில் இருந்தபடியே ஷீட்டில் எழுத இன்னும் ஒரே ஒருவனுக்குத்தான் லிஃப்ட்காரர் வழி செய்துவைத்திருந்தார்.

அவள் அழவில்லை. கோபம் வந்தால் அவளுக்குக் கை பரபரவென்று வேலை கேட்கும். தேதிகளை மேலிருந்து கீழாகப் பிடித்தாள். அழித்தாள். ஒரு நொடியில் ஷீட் முழுவதும் சிவந்தது. நடுவில் எதையோ தவறாக இழுத்து ஒரு கட்டத்தைக் குறுக்கிவிட்டாள் போலிருக்கிறது, எண்களுக்குப் பதில் அதில் முழுக்க வேலி போட்ட மாதிரிக் குறிகள் நின்றன. "வேலி போட்டா விட்டுடுவேனா" என்று அதை அகலமாக இழுத்தாள். எண்கள் வெளியே வந்தன.

"பொய்ப் பச்சைக்கு நெசச் செவப்பு எவ்வளவோ மேல்" என்று சத்தமாகச் சொன்னாள். கேட்பதற்கு நாற்காலி மட்டும் இருந்தது.

மறுநாள் நண்பகலுக்கு முன்னால் மகன் வந்து நின்றான். ஆபீஸ் சட்டை, ஆபீஸ் பை, பாதி நனைந்த தலை.

"என்னம்மா இது? காலைல ஃபோனத் தொறந்தா அப்பா நிக்கிறாரு. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாத்தையும் சேத்து. தொட்டி, ஃபேன், மோட்டார்... பஸ் ஸ்டாப்புல நின்னு கடைசிவரைக்கும் படிச்சேன். ஆபீஸ் பஸ் வந்துச்சு, ஏறல. இந்த ஊர் பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்."

"நல்லதாப் போச்சு. சட்டையக் கழட்டு."

"ம்?"

"பேண்ட்ட மடிச்சு விடு. மாடிக்கு வா."

மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. பக்கத்து மரத்து இலைகள் அதில் வட்டமடித்துக்கொண்டிருந்தன. மூலையில் குழாய் வாய் இருக்கும் இடத்தில் ஒரு செடி தைரியமாக நின்றது. ஸ்டோரம்மா மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றுகொண்டு அவரது பழைய ரப்பர் கையுறையை நீட்டினாள். கட்டைவிரல் கிழிந்திருந்தது.

"கைய விட்டு அள்ளு."

அவன் குந்தி உட்கார்ந்து கையை விட்டான். கறுப்புச் சேறு, புறா இறகு, ஒரு பிள்ளையின் ரப்பர் பந்து. ஒவ்வொன்றாக வெளியே வைத்தான். அவள் அவன் முதுகைப் பார்த்தபடி கேட்டாள்.

"செய்யாத வேலைக்குத் தேதி போட்டது நீதான?"

கை நின்றது. அவன் திரும்பவில்லை.

"தினமும் காலைல வருதும்மா. பல்லு வெளக்கிட்டு இருப்பேன், ஃபோன் அடிக்கும். பாத்தா அப்பா பேரு. 'மேல பாரு'ங்கறாரு. 'நான் முனகினா கேக்க மாட்டே'ங்கறாரு. எப்படிம்மா படிக்கிறது அத? நெஞ்சு வலிக்குதுன்னு அன்னிக்கு ஃபோன்ல சொன்னாரு. வாயுவா இருக்கும்ப்பான்னேன். அதுக்கப்புறம் தினமும் இது வந்தா?"

"அதனால?"

"நிறுத்தத் தெரியல. தேதி போட்டா நின்னுடும்னு தெரியும். ஆபீஸ்ல உக்காந்து ஒரே மூச்சுல போட்டேன். போட்டுட்டு... டீக்கடையில கையெழுத்துப் போட்டவன் கதை ஞாபகம் வந்துச்சு. வராம இருக்குமா? கண்ண மூடிக்கிட்டேன்."

மழை பொடியாகத் தூற ஆரம்பித்தது. அவள் நகரவில்லை.

"எனக்கும்தாண்டா வந்துச்சு. எனக்கு வாசல் பெருக்குற மாதிரி ஆயிடுச்சு அது. திட்டு வாங்காம பொழுது விடியாது. திடீர்னு நின்னுச்சு பாரு, சரி, அவருக்கே அலுத்துப்போச்சு, போயிட்டாருன்னு நெனச்சேன். அவர் செத்தன்னிக்கு நான் அப்படி நெனைக்கல. மெயில் நின்ன அன்னிக்குத்தான் நெனச்சேன்."

"அம்மா..."

"அம்மாவ அப்புறம் கூப்பிடலாம். இன்னும் உள்ள இருக்கு, அள்ளு."

அவன் தோள்வரை கையை விட்டான். உள்ளே எதுவோ கழன்றது. குழாய் ஒருமுறை விக்கியது, இருமியது; பிறகு பலநாள் தாகம் எடுத்தவன் மாதிரி மடமடவென்று குடிக்க ஆரம்பித்தது. மாடித் தண்ணீர் முழுவதும் சுழித்துக்கொண்டு அந்த மூலைக்கு ஓடியது. கீழே வாசல் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு மேலே இன்னொரு சத்தமும் கேட்டது.

"யாரு அது, என் தலையில தண்ணி ஊத்துறது?"

நாத்தனார் நனைந்த குடையோடு மாடிப்படி ஏறிவந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"ஐயோ, ஆபீஸ் போற புள்ளையச் சேத்துல எறக்கி வெச்சிருக்கியே! உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"ஈரம் எல்லாம் கூரையிலதான் அண்ணி எறங்கிடுச்சு. அதத்தான் இப்ப வடிக்கிறோம்."

"இந்தா. கட்டடக்காரர் ஒப்பந்தம் எழுதிக் குடுத்தனுப்பிட்டாரு. பையனும் வந்துட்டான், நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன?"

"தலைக்கு மேலதான் வெள்ளம் நின்னுச்சு. இப்ப போயிடுச்சு, பாருங்க."

நாத்தனார் மாடியைப் பார்த்தாள். ஈரத் தளம் பளபளத்தது. மகன் எழுந்து நின்றான். தோள்வரை சேறு.

"அத்தை சொல்றதுல தப்பு இல்லம்மா" என்றான் தயங்கி. "நேத்து காரை விழுந்துச்சு. இதே படியில ஒருநாள் நீ விழுந்தா? யாரு பாப்பா?"

அது நியாயமான கேள்வி என்று அவளுக்குத் தெரியும். பல நாள் பகலில் அதையே அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"விழுந்தா வந்து தூக்கு. விழறதுக்கு முன்னாடியே தூக்கிட்டுப் போகாத."

"என்ன பேச்சு இது" என்றாள் நாத்தனார். "கையெழுத்துப் போடு, உள்ள போய்ப் பேசுவோம்."

"அண்ணி, உங்க தம்பி வீட்ல செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடுற வழக்கம் இல்ல. இந்த வீட்ட விட்டுப் போற வேலைய நான் செய்யப் போறதில்ல. அப்புறம் கையெழுத்து எதுக்கு?"

மகன் சேற்றுக் கையோடு அந்த உறையை வாங்கப்போனான். அழுக்காகிவிடும் என்று நாத்தனாரே பின்னால் இழுத்துக்கொண்டாள். இழுத்தவள், "அவனாட்டமே பேசுறா" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். போகும்போது மாடிப்படியில் கிடந்த இலைகளைக் காலாலேயே ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

கீழே வந்து மகன் கை கழுவத் திரும்பினான். ஸ்டோரம்மா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவனுக்குப் புரிந்தது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, சேற்று விரலால் அன்றைய தேதியை அடித்தான். 'யார்' என்ற கட்டத்தில் 'மகன்' என்று போட்டான். சிவப்புக் கடலில் ஒரே ஒரு வரி பச்சையானது.

"மத்ததெல்லாம்?" என்றான்.

"செஞ்சா பச்சையாகும். செய்யிறவரைக்கும் செவப்பா இருக்கட்டும். எனக்குச் செவப்புன்னா பயம் இல்ல."

ஷீட்டின் தலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. 'அனுப்புவது: லிஃப்ட்காரர்.' அவள் அதில் விரலை வைத்தாள். மகன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"அவர் சொன்னதெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றாள். "ஒரு எழுத்தும் மாத்தாத. சொல்றது மட்டும் இனிமே நான்."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். ஸ்டோரம்மா. அடித்து முடித்துவிட்டு, "இன்னொரு ஆளுக்கும் மெயில் போகணும்னா எங்க எழுதணும்?" என்று கேட்டாள். மகன் காட்டிக்கொடுத்தான். யாருக்கு என்று கேட்டான். அவள் சொல்லவில்லை.

மாடி காய்ந்தது. கொத்தனார் வந்து கம்பியைத் தேய்த்தார், பூசினார். ஸ்டோரம்மா கலவைச் சட்டியை எடுத்துக் கொடுத்தாள், பாட்டும் வாங்கினாள். "கலவைய ரொம்ப நேரம் வெச்சிருந்தீங்கன்னா காலாவதி ஆயிடும்மா." "அத என்கிட்டயா சொல்றீங்க?" அவர் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

அந்த வாரம் ஒரு காலையில் நாத்தனார் மூச்சு வாங்க வந்தாள். ஒரு கையில் ஃபோன், இன்னொரு கையில் கண்ணாடி.

"ஏய், இது என்ன கூத்து? எனக்கு எதுக்கு மெயில் வருது? பேரன்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னா சிரிச்சுப் பொரளுறான்."

"என்ன வந்துருக்கு, படிங்க."

நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். "'முன்னறை நாற்காலி. வாரத்துக்கு ஒரு தரம். பொறுப்பு: அண்ணி. வந்து உக்காரணும். வீட்டத் திட்டலாம், என்னையும் திட்டலாம். விக்கச் சொல்லக் கூடாது.'" நிமிர்ந்தாள். "திமிரப் பாரு."

"திமிர்தான் அண்ணி. உக்காருங்க."

அந்த நாற்காலியில் அவர் போனதற்கப்புறம் யாரும் உட்காரவில்லை. காரை விழுந்ததைத் தவிர. நாத்தனார் அதன் கைப்பிடியைத் தடவினாள். முந்தானையால் ஒருமுறை தட்டினாள். பிறகு, சூடு இருக்குமோ என்று பார்க்கிறவள் மாதிரி, ஓரமாக நுனியில் உட்கார்ந்தாள். தலையை அண்ணாந்து புதுப் பூச்சைப் பார்த்தாள். பழைய கூரையில் அது சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரிந்தது.

"கோணலாப் பூசியிருக்கான்."

"இருக்கட்டும். கெட்டியா இருக்கு."

"வெள்ளை அடிக்கணும்."

"ஞாயித்துக்கிழமை பையன் வரான். பழைய சட்டை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்."

நாத்தனார் இன்னும் நுனியிலேயே இருந்தபடி, லேப்டாப் பக்கம் மோவாயை நீட்டினாள்.

"சரி, உக்காந்துட்டேன்ல. தேதியப் போடு, நான் கெளம்புறேன்."

"நுனியில உக்காந்ததுக்கெல்லாம் தேதி கெடையாது அண்ணி" என்றாள் ஸ்டோரம்மா. "நல்லா சாஞ்சு உக்காருங்க. அப்புறம் போடுறேன்."